மழை வந்தால் நாய்க்கு அரிப்பு: கோழியை நிறுத்தினால் போதுமா?

ஜூன் 15, 2024, காலை
மும்பை முலுண்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

எங்கள் புரூனோவுக்கு 4 வயது, லாப்ரடார். வருடம் முழுக்க லேசாகச் சொறிவான், மழை பிடித்துவிட்டால் ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. முன்னங்கால் விரல் இடுக்கை நக்கி நக்கி முடி செம்பட்டையாகிவிட்டது, வயிறு சிவந்து கிடக்கிறது, காதைத் தரையில் தேய்க்கிறான். பில்டிங்கில் நாய் வளர்க்கிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான், கோழியை நிறுத்து. நிறுத்திப் பத்து நாளாகிறது, தயிர் சாதம் மட்டும்தான். தினமும் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசுகிறோம். குறையவே இல்லை. கோழி இல்லையென்றால் வேறு என்ன?

ஜூன் 15, மதியம், என் பதில்

முதலில் எண்ணெயை நிறுத்துங்கள். இந்த ஊர் ஜூன் மாதத்தில் துவைத்த துணியே மூன்று நாள் காய்வதில்லை, லாப்ரடாரின் இரட்டை ரோமத்துக்குள் எண்ணெய் போனால் ஈரம் உள்ளேயே தங்கும். நாய்த் தோலில் இயல்பாகவே மலசீசியா என்று ஒரு ஈஸ்ட் உண்டு. ஈரமும் கொழுப்பும் சேர்ந்தால் அது பெருகும். தோல் பிசுபிசுத்து, பழைய நெய் மாதிரி ஒரு சிக்கு வாடை வந்தால் அதுவாக இருக்கலாம். மஞ்சளையும் விடுங்கள். மேலெல்லாம் மஞ்சள் பூசிக் கூட்டிப்போனால் தோல் எந்த அளவுக்குச் சிவந்திருக்கிறது என்று டாக்டருக்கே தெரியாது.

கோழி விஷயம். பத்து நாளில் உணவு ஒவ்வாமையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது, குறைந்தது 8 வாரம் வேண்டும். அதுவும் கோழியை மட்டும் நிறுத்தினால் ஆகாது. தயிர் பால்தானே, பாலும் நாய்களுக்கு ஒவ்வாமை தருகிற சாமான்களில் ஒன்று.

எங்கே சொறிகிறான் என்று நீங்கள் எழுதியதில்தான் பாதி விடை இருக்கிறது. வாலுக்கு மேலே, இடுப்பில் கடித்துக் கடித்து முடி போயிருந்தால் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகிக்க வேண்டும். காது ஓரத்திலும் முழங்கை முட்டியிலும் பொருக்குத் தட்டி, வெறி பிடித்த மாதிரி சொறிந்தால் சொறிப்பூச்சி. உங்கள் புரூனோவுக்குப் பாதம், காது, வயிறு என்று வருகிறது. அது அனேகமாக ஒவ்வாமைப் பக்கம் போகிறது. வீட்டுத் தூசியில் இருக்கிற பூச்சிக்கோ, பூஞ்சைக்கோ, சாப்பாட்டுக்கோ. எதுவாக இருந்தாலும் காதைப் பார்க்காமல் விடாதீர்கள். மடலைத் தூக்கி மோந்து பாருங்கள்.

ஜூன் 15, இரவு

வாலுக்கு மேலே ஒன்றுமில்லை, அதனால் தெள்ளுப்பூச்சி இல்லை என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், பூச்சியின் எச்சில்தான் காரணம். பேன் சீப்பை எடுத்து முதுகோரம் அடிமுடி வரை இழுங்கள். சீப்பில் வருகிற கருப்புத் துகளை ஒரு வெள்ளை டிஷ்யூ மேல் தட்டி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். வெறும் மண்ணாக இருந்தால் கருப்பாகவே இருக்கும். பூச்சியின் கழிவாக இருந்தால் துகளைச் சுற்றித் துருநிறத்தில் ஒரு வளையம் கசியும். அது உங்கள் நாயின் செரித்த ரத்தம். நான் முதன்முதலில் அந்த வளையத்தைப் பார்த்த அன்று சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஏனென்றால் அதற்கு முன் ஒரு வருடம் என் நாயைப் பட்டினி போட்ட மாதிரி வைத்திருந்தேன். அதை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 16

எங்கள் மைனா தெருநாய்க்குட்டி. 2019 ஜூலையில் செம்பூரில் எங்கள் பில்டிங்குக்குக் கீழே, நிறுத்தி வைத்த ஒரு காரின் டயருக்கும் சுவருக்கும் நடுவில் நனைந்து கிடந்தாள். இரண்டு வயது வரை ஒரு தொல்லையும் இல்லை. 2021 மழையில் சொறிய ஆரம்பித்தாள். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம், ஊசி போட்டார்கள். மறுநாளே நின்றது, எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆறு வாரத்தில் திரும்ப வந்தது, திரும்ப ஊசி. மூன்றாவது ஊசிக்குப் பிறகு வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தாள், ராத்திரி ஹாலிலேயே மூத்திரம் போனாள், அதற்கு நான் அவளைத் திட்டியிருக்கிறேன். அது நாள்பட வேலை செய்கிற ஸ்டீராய்டு ஊசி என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தத் தாகமும் மூத்திரமும் மருந்தின் வேலை.

நடுவில் கோழியை நிறுத்தினோம், முட்டையை நிறுத்தினோம், மீன் கிடையாது. சாதமும் பூசணிக்காயும்தான். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அப்புறம் கண்ணைச் சுற்றி முடி கொட்டியது. கண்ணாடி போட்ட மாதிரி இரண்டு மொட்டை வளையம். பிறகு முன்னங்கால், பிறகு சீழ்க் கொப்புளம். யாரோ சொன்னார்கள் என்று பரேலில் இருக்கும் பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் மருத்துவமனைக்கு ரிக்ஷா, லோக்கல் எல்லாம் யோசித்துப் பார்த்து கடைசியில் டாக்ஸி பிடித்துப் போனோம். 1886இல் தொடங்கிய பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிற அதே வளாகம். அங்கே டாக்டர் பிளேடின் முனையில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, தோலை விரலால் கிள்ளிப் பிடித்து, லேசாக ரத்தம் கசிகிற வரை சுரண்டினார். மைனா என் முழங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கண்ணாடித் தகட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிட்டு, வந்து பாருங்கள் என்றார். சுருட்டு மாதிரி நீளமாக ஒன்று, தலைப்பக்கம் குட்டிக் குட்டியாக எட்டுக் கால், அசைந்துகொண்டிருந்தது. டெமோடெக்ஸ். பிறந்த சில நாளிலேயே தாயிடமிருந்து குட்டிக்கு ஒட்டிக்கொள்வது, எல்லா நாயிடமும் கொஞ்சம் இருப்பது. உடம்பின் எதிர்ப்பு குறைந்தால்தான் பெருகும். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பைத்தான் குறைத்திருக்கிறது.

ஆக, ஆரம்பத்தில் வந்த அரிப்பு வேறு, அதற்குப் போட்ட ஊசியால் வந்த நோய் வேறு. மாத்திரையும் குளோர்ஹெக்சிடின் என்கிற கிருமிநாசினிக் குளியலுமாக மாதக்கணக்கில் ஆனது. ரோமம் வந்துவிட்டது என்று நிறுத்தக்கூடாது, ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை சுரண்டிப் பார்த்து இரண்டிலும் பூச்சி இல்லையென்றால்தான் நிறுத்த வேண்டும். அது முடிந்த பிறகு பழைய அரிப்பு எட்டிப் பார்த்தது. அப்போதுதான் சீப்பு, டிஷ்யூ, துருநிற வளையம். தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை. இன்றைக்கு மாதம் தவறாமல் தெள்ளுப்பூச்சி மாத்திரை கொடுக்கிறேன், தினம் கோழி சாப்பிடுகிறாள், சொறிவதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், என்ன காரணம் என்று தோலைப் பார்க்காமல் அரிப்பை மட்டும் அடக்காதீர்கள். சுரண்டல் சோதனை செய்யுங்கள் என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

ஜூன் 16, இரவு, ஒரு திருத்தம்

மத்தியானம் ஒருவருக்குப் பதில் எழுதும்போது நாய்ச் சொறி மனிதருக்கு ஒட்டாது என்று சொல்லிவிட்டேன். அது டெமோடெக்ஸுக்கு மட்டும். சார்கோப்டெஸ் என்கிற சொறிப்பூச்சி மனிதத் தோலிலும் ஏறும், முன்கையிலும் வயிற்றிலும் சிவப்புப் புள்ளி வந்து அரிக்கும். நம் மேல் அது நீடித்துக் குடியிருக்காது, நாய்க்கு வைத்தியம் பார்த்தால் பெரும்பாலும் நமக்கும் போய்விடும். படர்தாமரை மாதிரி வட்ட வட்டமாக வந்தால் அது பூஞ்சை, அதுவும் ஒட்டும், குழந்தைகள் இருக்கிற வீட்டில் தள்ளிப்போடாதீர்கள். அவசரத்தில் எழுதியதற்கு வருந்துகிறேன்.

ஜூன் 19

முலுண்ட் நண்பர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார். சுரண்டலில் பூச்சி இல்லை. சீப்பிலும் டிஷ்யூவிலும் ஒன்றுமில்லை. ஆனால் விரல் இடுக்கில் செல்லோ டேப்பை ஒட்டி எடுத்துப் பார்த்ததில் நிறைய ஈஸ்ட், இரண்டு காதிலும் அதேதான், உள்ளே காபிப்பொடி நிறத்தில் அழுக்கு. இத்தனை நாள் காதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

மருந்து ஷாம்பூ கொடுத்திருக்கிறார்கள், வாரம் இரண்டு முறை. எல்லோரும் செய்கிற தவறு இங்கேதான். நுரை வந்தவுடன் கழுவிவிடுவோம். பத்து நிமிடம் மேலே நிற்க வேண்டும், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அதுவரை நக்க விடக்கூடாது. நான் மைனாவின் மூக்குக்கு நேரே ஒரு டப்பாவில் கேரட் துண்டு வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுப்பேன். தண்ணீர் சூடாக இருக்கக்கூடாது, சூடு அரிப்பைக் கூட்டும். நம் ஷாம்பூ வேண்டாம். மனிதத் தோல் அமிலப் பக்கம், நாய்த் தோல் கிட்டத்தட்ட நடுநிலை, மேல்தோலும் நம்முடையதைவிட மெல்லியது.

ஜூன் 23

ஊரிலிருந்து மாமா சொன்னார் என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறான், வண்டியிலிருந்து இறக்கிய பழைய எஞ்சின் ஆயிலைப் பூசினால் சொறி போகுமாமே. தம்பி, தயவுசெய்து வேண்டாம். தோல் வெந்துபோகும், நாய் அதை நக்கும், நக்கி வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போகும். மண்ணெண்ணெயும் அப்படித்தான். ஐவர்மெக்டின் ஊசியையும் மருந்துக் கடையில் வாங்கி நீங்களே அளவு போட்டுக் குத்தாதீர்கள். கோலி என்கிற மேய்ப்பு நாய் வகையில் பலவற்றுக்கு ஒரு மரபணுக் குறையால் அந்த மருந்து மூளைக்குள் போய்விடும், நடுக்கம் வந்து உயிரே போகலாம்.

வேப்பிலை கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் அலசுவதை நான் தடுக்கமாட்டேன். ஆனால் உண்ணி அதற்குச் சாகாது. வேப்பந் தண்ணீரில் குளித்து முடித்த மைனாவின் காதிலிருந்து ஒரு உண்ணி சாவகாசமாக நடந்து வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஜூன் 30

புரூனோவின் காது சரியாகிவிட்டது, பாதம் பாதி சரி. ஆனால் நக்குவது நிற்கவில்லை. மழை இல்லாத மாதத்திலும் இருக்கிற அரிப்பு என்பதால் உணவுச் சோதனை செய்துபார்க்கலாம் என்று அவர் டாக்டர் சொல்லிவிட்டார். சோயாப் புரதத்தை உடல் அடையாளம் காணாத அளவுக்கு உடைத்துச் செய்த தீவனம், 8 வாரம், அதைத் தவிர தண்ணீர் மட்டும். இன்றுதான் முதல் நாள். செலவு அதிகம், உண்மைதான். நான் செய்த பூசணிக்காய்ப் பத்தியத்தைவிட இது எவ்வளவோ மேல், நாய் மெலியாது.

ஜூலை 3

இது புரூனோ சமாச்சாரம் இல்லை, வேறொருவர் கேட்டது. மே மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு நாயோடு திருநெல்வேலி போய் வந்தார்களாம், திரும்பி வந்து கதவைத் திறந்ததும் கால் முழுக்கக் கடி, ஆளில்லாத வீட்டில் எங்கிருந்து வந்தது என்று.

எப்போதும் அங்கேதான் இருந்தது. நாய் மேல் நாம் பார்க்கிற தெள்ளுப்பூச்சி மொத்தத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான். மீதி முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக பாய்க்கடியிலும் சோபா மடிப்பிலும் இருக்கும். ஒரு பெண் பூச்சி நாளைக்கு 40, 50 முட்டை போடும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும், தரை அதிர்ந்து, உடம்புச் சூடும் மூச்சுக்காற்றும் பட்டால் கூட்டை உடைத்துக்கொண்டு வரும். நீங்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்ததுதான் அதற்கு அழைப்பு. நாய்க்கு மருந்து கொடுத்துவிட்டு, மூன்று மாதமாவது விடாமல் கொடுத்து, தரை, பாய், நாய்ப் படுக்கை எல்லாவற்றையும் வாக்யூம் பிடித்து, துணியைக் கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள்.

உண்ணி இன்னும் மோசம், சுவர் ஏறும். எங்கள் வீட்டு ஜன்னல் மரச்சட்டத்தின் விரிசலில் கொத்தாக இருந்தது. கையால் நசுக்காதீர்கள். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து ஸ்பிரிட்டில் போடுங்கள். உண்ணி இருந்த நாய் சாப்பிடாமல் சுருண்டு படுத்து ஈறு வெளுத்திருந்தால் தோலைப் பற்றிக் கவலைப்படுகிற நேரம் இல்லை அது, அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்.

ஜூலை 14

புரூனோவுக்கு இரண்டு வாரம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, இப்போது திடீரென்று நக்குகிறான் என்று செய்தி. நண்பர் துப்பறிந்து கண்டுபிடித்துவிட்டார். கீழே வாட்ச்மேன் தினம் காலை தன் சாயோடு நனைத்து இரண்டு பிஸ்கட் கொடுத்திருக்கிறார். பாசத்தில்தான். அதில் கோதுமை, பால் இரண்டும் உண்டு. மாடி வீட்டு மாமியும் சப்பாத்தி ஓரத்தைக் கொடுத்திருக்கிறார். இன்றிலிருந்து மறுபடி முதல் வாரம். கழுத்துப் பட்டையில் "எனக்கு வைத்தியம் நடக்கிறது, எதுவும் கொடுக்காதீர்கள்" என்று மராத்தியிலும் இந்தியிலும் எழுதிக் கட்டியிருக்கிறார்.

ஜூலை 15

இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். தெள்ளுப்பூச்சிக்குக் கொடுக்கிற மெல்லும் மாத்திரையிலும் இறைச்சிச் சுவைக்காக விலங்குப் புரதம் சேர்த்திருப்பார்கள். சோதனை நடக்கும்போது அதற்குப் பதிலாகக் கழுத்தில் சொட்டு விடுகிற மருந்துக்கு மாறலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் அதையும் சொல்லுங்கள், நாய்ச் சொட்டு மருந்து சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். இந்த மாத்திரை வகையிலும் சொல்ல வேண்டியது ஒன்று, வலிப்பு வந்த வரலாறு உள்ள நாய் என்றால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 செப்டம்பரில் இது பற்றி எச்சரிக்கை விட்டது. மைனா இந்த மாத்திரையை இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேலாகச் சாப்பிடுகிறாள்.

ஜூலை 28

ஜூன் 16 குறிப்பைத் திரும்பப் படித்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு அம்மா தன் நாய்க்கு டாக்டர் எழுதிய ஸ்டீராய்டு மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறார். அம்மா, அப்படி நிறுத்தாதீர்கள், இன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். சில நாளுக்கு மேல் கொடுத்த ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நான் கோபத்தில் எழுதியது பார்க்காமல் போட்ட ஊசியைப் பற்றி. பூச்சி இல்லை, தொற்று இல்லை என்று தெரிந்த பிறகு குறைந்த நாளுக்குக் குறைந்த அளவில் கொடுத்தால் அது பெரிய நிம்மதி, ரத்தம் வரக் கடித்துக்கொள்கிற நாயைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவும் கூடாது. இப்போது ஓக்லாசிட்டினிப் என்கிற மாத்திரையும் இருக்கிறது, அரிப்புச் செய்தியையே தடுப்பது, ஒரு வயது முடிந்த நாய்க்கு மட்டும். புரூனோவுக்கு முதல் சில வாரத்துக்கு அதைத்தான் கொடுக்கிறார்கள்.

வீட்டில் இருக்கிற சளி மாத்திரையை அரிப்புக்கு நல்லது என்று கொடுத்துவிடாதீர்கள். வெறும் செட்ரிசின் வேறு, பாரசிட்டமாலும் மூக்கடைப்பு மருந்தும் கலந்த மாத்திரை வேறு. பின்னது நாய்க்கு ஆபத்து.

ஆகஸ்ட் 11

விடாத மழை. வாசலில் ஒரு மக் தண்ணீர், ஒரு பழைய பருத்தி வேட்டித் துண்டு. வெளியே போய் வந்தால் நான்கு பாதத்தையும் முக்கி எடுத்து, விரலுக்கு நடுவே துண்டின் முனையை நுழைத்துத் துடைத்து, ஃபேனடியில் உட்கார வைக்கிறேன். மைனா இப்போதெல்லாம் இடது முன்னங்காலைத் தானே தூக்கிக் கொடுக்கிறாள், பிறகு வலது. வேலைக்கு வருகிற அக்காவிடம் பினாயிலை நிறுத்தச் சொல்லி ஒரு வருடமாகிறது, ஈரத் தரையில் வயிறு பட்டுப் படுக்கிற நாய்க்கு அதுவே எரிச்சல். வெறும் தண்ணீரில் துடைத்தால் வாடை போகவில்லை என்று அவருக்கு இன்னும் வருத்தம்.

வேறொருவர் வீட்டில், நாய்க்குத் தோல் வியாதி, பில்டிங்கை விட்டு அனுப்பு என்று சொசைட்டியில், அதாவது குடியிருப்போர் சங்கத்தில், நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களாம். நாய் வளர்க்கக்கூடாது என்று சொசைட்டி தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. அதை அச்செடுத்து, டாக்டரிடம் நோயின் பெயரை எழுதி வாங்கி இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். ஒட்டுகிற நோயாக இருந்தால் மட்டும் சரியாகிற வரை நீங்களே லிஃப்டைத் தவிர்த்துவிடுங்கள், அண்டை வீட்டுக்காரர் பயத்திலும் நியாயம் உண்டு.

செப்டம்பர் 9

புரூனோ 8 வாரத்தை முடித்துவிட்டான். கணபதி சமயத்தில் மோதகம் எதுவும் வாயில் படாமல் காப்பாற்றியிருக்கிறார்கள், அது பெரிய விஷயம். நக்குவது அனேகமாக நின்றுவிட்டது, அரிப்பு மாத்திரை நிறுத்தியும் மூன்று வாரமாகிறது. ஆனால் சோதனை இன்னும் முடியவில்லை. மழை குறைந்ததால் சரியானதா, தீவனத்தாலா என்று தெரிய வேண்டுமே. இன்று முதல் தீவனத்தோடு வெறும் வேகவைத்த கோழி, உப்பு மசாலா இல்லாமல். இரண்டு வாரம் வரை பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 12

மூன்றாவது நாள் ராத்திரி 2 மணிக்கு எனக்குச் செய்தி. பாதத்தை நக்குகிறான், காது சூடாகச் சிவந்திருக்கிறது. கோழிதான்.

கோழி மேல் பழி போடாதீர்கள் என்கிற மாதிரி ஜூனில் நான் எழுதியதில் பாதி, மைனாவை மனதில் வைத்து எழுதியது. அவளுக்குக் கோழி காரணமில்லை, புரூனோவுக்குக் காரணம். உங்கள் பில்டிங்காரர்கள் சொன்னது சரி, நண்பரே. பத்து நாளும் தயிர் சாதமும் மட்டும்தான் தவறு.

செப்டம்பர் 29

கோழியை நிறுத்தி ஒரு வாரத்தில் அடங்கிவிட்டதாம். அடுத்து பால், பிறகு முட்டை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம், ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டு வருகிறார். பால் கொடுத்து ஐந்து நாள், ஒன்றுமில்லை. தயிர் சாதம் திரும்பக் கிடைக்கப்போகிறது. வாட்ச்மேன் பிஸ்கட்டை விட்டுவிட்டு வெள்ளரித் துண்டு கொண்டுவருகிறார், புரூனோ கேட் திறக்கும் முன்பே அவர் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறானாம். முன்னங்கால் படம் அனுப்பியிருக்கிறார். நுனியில் இன்னும் செம்பட்டை இருக்கிறது, வேர்ப்பக்கம் வெளிர் மஞ்சளாகப் புது முடி ஒரு விரற்கடை வந்திருக்கிறது.